மோட் மென்டன்: நொதிகளின் வேகத்தை அளந்த டொரோண்டோ மருத்துவர்

கனடாவின் டொரோண்டோ நகரம் மருத்துவ வரலாற்றில் பெரும்பாலும் இன்சுலினோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. 1921-ஆம் ஆண்டிலும் 1922-ஆம் ஆண்டிலும் ஃபிரெடெரிக் பான்டிங்கும் அவருடைய சகாக்களும் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு, நீரிழிவு நோயாளிகளுக்கு மறுவாழ்வு அளித்தது. ஆனால் அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாக அதே பல்கலைக்கழகத்திலிருந்து மருத்துவப் பட்டம் பெற்று வெளியேறிய ஒரு பெண்ணின் பெயர், உலகில் உயிர்வேதியியல் கற்பிக்கப்படும் ஏறக்குறைய எல்லா வகுப்பறைகளிலும் இன்றும் உச்சரிக்கப்படுகிறது. அவர் பெயர் மோட் லியோனோரா மென்டன்.

நொதிகள், அதாவது என்சைம்கள், எவ்வளவு வேகத்தில் வேலை செய்கின்றன என்பதைக் கணக்கிட உதவும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் டொரோண்டோவிலும் மாணவர்கள் படிக்கின்றனர். அந்தப் பெயரின் பிற்பாதிக்கு உரியவர் ஒரு பெண் என்பதும், தாய்நாட்டில் ஆய்வு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள இயலாமல் தமது உழைப்பின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் செலவிட்டவர் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஒண்டாரியோவிலிருந்து பசிபிக் கரைக்கு

மென்டன் 1879-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி ஒண்டாரியோ மாகாணத்தின் போர்ட் லாம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பின்னர் அவருடைய குடும்பம் கனடாவின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து, ஹாரிசன் ஆற்றங்கரையிலுள்ள ஹாரிசன் மில்ஸ் என்னுமிடத்தில் வாழ்ந்தது. அவருடைய தாயார் அவ்வூரின் அஞ்சல் நிலையத்தைக் கவனித்து வந்தார். ஆறும் காடும் சூழ்ந்த அந்தக் குடியிருப்பிலிருந்து உயர்கல்வி கற்பதற்காக அவர் மீண்டும் நாட்டின் கிழக்குப் பகுதிக்கு, டொரோண்டோவுக்கு வந்தார்.

அக்காலத்தில் டொரோண்டோவில் பெண்களின் உயர்கல்வி ஒரு புதிய விஷயமாகவே இருந்தது. பல்கலைக்கழகம் 1884-ஆம் ஆண்டில்தான் பெண் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. மருத்துவம் பயில விரும்பிய பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி ஒன்று நகரில் நடந்து வந்தது. 1906-ஆம் ஆண்டில் அது மூடப்பட்ட பிறகே பெண்கள் ஆண்களுடன் சேர்ந்து பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் பயில வழி ஏற்பட்டது. மென்டனின் மாணவப் பருவம் இந்த மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளோடு சரியாக ஒத்துப்போகிறது. 1904-ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், 1911-ஆம் ஆண்டில் மருத்துவத்தில் முனைவர் நிலைப் பட்டத்தைப் பெற்றார். கனடாவில் அத்தகைய பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர்.

இதற்கு அடுத்த ஆண்டில், 1912-இல், புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அன்றைய பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் இரு வேறு மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத இரு பெண்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே வகையான கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்றிருக்கின்றனர்.

மெக்கல்லம் என்ற ஆசிரியர்

டொரோண்டோவில் மென்டனின் அறிவியல் நோக்கை உருவாக்கியவர் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் பைரன் மெக்கல்லம். உடலியங்கியலிலும் உயிர்வேதியியலிலும் கனடாவின் முன்னோடிகளில் ஒருவரான அவர், பின்னாளில், 1916-ஆம் ஆண்டில், அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்கு முதல் தலைவராகவும் ஆனார். இரும்பு, பொட்டாசியம் முதலிய தனிமங்கள் உயிரணுவுக்குள் எந்தெந்த இடங்களில் இருக்கின்றன என்பதை, சாயமேற்றும் வேதிவினைகளின் துணையுடன் நுண்ணோக்கியில் காண முயன்றவர் அவர். விலங்குகளின் உடல் திரவங்களில் உள்ள உப்புகளின் விகிதம், உயிரினங்கள் தோன்றிய தொன்மைக் கடலின் தன்மையைக் காட்டும் ஒரு எச்சம் என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். வேதியியலையும் பரிணாமத்தையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகப் பார்த்த ஆசிரியர் அவர்.

நரம்பணுக்களில் குளோரைடு உப்புகள் எவ்வாறு பரவியுள்ளன என்பது குறித்து மெக்கல்லமும் மென்டனும் இணைந்து எழுதிய கட்டுரை 1906-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. உயிரணுவின் எந்தப் பகுதியில் எந்தப் பொருள் உள்ளது என்பதை வண்ணத்தின் மூலம் கண்ணுக்குப் புலப்படுத்தும் அந்த அணுகுமுறையை மென்டன் கடைசிவரை கைவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அவருடைய மற்றொரு முக்கியக் கண்டுபிடிப்புக்கும் அதுவே அடிப்படையாக அமைந்தது.

1907-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். ரேடியம் புரோமைடு என்ற கதிரியக்கப் பொருள் எலிகளின் புற்றுக் கட்டிகள் மீது என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதை ஆராய்ந்த குழுவில் அவர் இடம்பெற்றார். அந்தக் கழகம் வெளியிட்ட முதல் தனி நூலில் இந்த ஆய்வு இடம்பெற்றது. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது பத்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

பெர்லினில் ஒரு சிறிய ஆய்வகம்

மருத்துவப் பட்டம் பெற்ற மறு ஆண்டே மென்டன் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஜெர்மனிக்குச் சென்றார். அன்று கனடாவில் பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு மருத்துவராகத் தொழில் செய்யும் வாய்ப்பு ஓரளவு இருந்தாலும், ஆராய்ச்சியாளராக நிலைபெறும் வாய்ப்பு மிக அரிதாகவே இருந்தது. உயிர்வேதியியலின் தலைநகரமாக அப்போது ஜெர்மனி விளங்கியது.

பெர்லினில் அவர் தேர்ந்தெடுத்த வழிகாட்டியான லியோனர் மைக்கேலிஸ், அங்குள்ள நகராட்சி மருத்துவமனை ஒன்றில் நுண்ணுயிரியல் வல்லுநராகப் பணியாற்றி வந்தார். யூதரான அவருக்கு, திறமைக்கு ஏற்ற ஊதியத்துடன் கூடிய பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. மருத்துவமனையில் அமைத்துக்கொண்ட சிறிய ஆய்வகத்திலேயே அவர் தமது ஆய்வுகளைச் செய்து வந்தார். இதே மைக்கேலிஸ்தான் 1900-ஆம் ஆண்டில், உயிரணுவின் சுவாச உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை உயிருள்ள நிலையிலேயே ஜேனஸ் கிரீன் என்ற சாயத்தால் நிறமேற்றிக் காட்டியவர்.

ஆக, தத்தம் நாடுகளில் முழு அங்கீகாரம் பெறாத இருவர் அந்தச் சிறிய ஆய்வகத்தில் சேர்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட நொதி இன்வர்ட்டேஸ். ஈஸ்டிலிருந்து கிடைக்கும் இந்த நொதி, சாதாரணச் சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. பாரிஸில் விக்டர் ஹென்றி என்பவர் 1903-ஆம் ஆண்டிலேயே இந்த வினைக்கு ஒரு கணிதச் சமன்பாட்டை முன்வைத்திருந்தார். ஆனால் அவருடைய சோதனைகளில் கரைசலின் அமிலத்தன்மை கட்டுப்படுத்தப்படவில்லை. புதிதாகத் தோன்றும் குளுக்கோஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதால் அளவீட்டில் ஏற்படும் பிழையும் கணக்கில் கொள்ளப்படவில்லை. எனவே அவருடைய எண்கள் கோட்பாட்டோடு முழுமையாகப் பொருந்தவில்லை.

மைக்கேலிஸும் மென்டனும் இவ்விரு குறைகளையும் நீக்கினர். 1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் சோரென்சென் வகுத்திருந்த பிஎச் அளவுகோலின் துணையுடன் கரைசலின் அமிலத்தன்மையை நிலையாக வைத்தனர். குறிப்பிட்ட நேர இடைவெளிகளில் காரம் சேர்த்து வினையை நிறுத்தி, பிறகே அளவீடு செய்தனர். வினையின் தொடக்க வேகத்தை மட்டும் ஒப்பிட்டனர். 1913-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, நொதியியல் என்ற துறைக்கு அளவீட்டு ஒழுங்கைக் கொடுத்தது.

பந்தியும் பரிமாறுபவர்களும்

அவர்கள் கண்டறிந்ததை ஒரு திருமணப் பந்தியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பரிமாறுவதற்கு நான்கு பேர் இருக்கும் பந்தியில் ஓரிருவர் மட்டுமே உணவருந்த அமர்ந்திருந்தால், பரிமாறுபவர்களின் கைகள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். விருந்தினர் தொகை கூடக்கூடப் பரிமாறும் வேகமும் கூடும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனை பேர் வந்து அமர்ந்தாலும் வேகம் கூடாது. நால்வரின் கைகளும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். அதுவே உச்ச வேகம்.

நொதிகளும் அவ்வாறே. நொதி முதலில் தனது வினைபொருளோடு சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகிறது. பிறகு அந்தப் பொருளை மாற்றி வெளியேற்றிவிட்டு, அடுத்ததை ஏற்கத் தயாராகிறது. உச்ச வேகத்தில் பாதி வேகத்தை எட்டுவதற்கு வினைபொருள் எவ்வளவு செறிவில் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணே மைக்கேலிஸ் மாறிலி என்று அழைக்கப்படுகிறது. இன்வர்ட்டேஸுக்கு அவர்கள் கணக்கிட்ட மதிப்பு 0.0167 மோலார். பொதுவாக, இந்த எண் சிறியதாக இருந்தால், வினைபொருள் மிகக் குறைவாக உள்ளபோதும் அந்த நொதி திறமையாகச் செயல்படும் என்று பொருள்.

அதே கட்டுரையில், வினையின் முடிவில் உண்டாகும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நொதியின் வேகத்தை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்பதையும் அவர்கள் அளந்தனர். இன்று ஒரு மருந்து குறிப்பிட்ட நொதியை எவ்வளவு வலுவாகத் தடுக்கிறது என்று ஆராய்பவர்கள் இந்த வழியிலேயே செல்கின்றனர். நூறு ஆண்டுகளை நெருங்கிய வேளையில், 2011-ஆம் ஆண்டில், அந்த ஜெர்மன் கட்டுரை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, அதிலுள்ள அளவீடுகள் கணினியில் மறுபரிசீலனை செய்யப்பட்டன. கையால் கணக்கிட்டுப் பெறப்பட்ட அந்த முடிவுகள் நவீனக் கணிப்புகளோடு வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன.

1925-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிரிக்ஸும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் இந்தச் சமன்பாட்டை மேலும் பொதுவான அடிப்படையில் நிறுவினர். இந்த ஹால்டேன் பின்னர் 1957-ஆம் ஆண்டில் இந்தியாவில் குடியேறி, 1964-ஆம் ஆண்டில் புவனேஸ்வரில் காலமானவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பிட்ஸ்பர்கில் நீண்ட காலம்

ஐரோப்பாவிலிருந்து திரும்பிய மென்டன், சிகாகோ பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் ஆய்வு செய்து 1916-ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். புற்றுநோயிலும் பிற நோய்களிலும் இரத்தத்தின் காரத்தன்மை எவ்வாறு மாறுகிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். மருத்துவத்தில் ஒரு பட்டமும் உயிர்வேதியியலில் ஒரு பட்டமும் கையிலிருந்தும், கனடாவில் அவருக்கேற்ற ஆய்வுப் பதவி அமையவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறையில் சேர்ந்த அவர், 1950-ஆம் ஆண்டில் ஓய்வுபெறும் வரை அங்கேயே பணியாற்றினார். அந்நகரின் குழந்தைகள் மருத்துவமனையிலும் நோயியல் வல்லுநராகக் கடமையாற்றினார்.

பகலில் மருத்துவமனைப் பணி, மாணவர்களுக்குப் பாடம், எஞ்சிய நேரத்தில் ஆய்வு என்று அவருடைய நாட்கள் கழிந்தன. நுண்ணுயிரிகளின் நச்சுப்பொருட்கள் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவது, வைட்டமின் சி குறைபாடு உடலின் எதிர்ப்பாற்றலைப் பாதிப்பது, குழந்தைகளைத் தாக்கும் செங்காய்ச்சல் எனப் பல பொருள்கள் குறித்து அவர் எழுதினார். பெர்லினில் செய்த ஆய்வின் பெயரை வைத்துக்கொண்டு அதே துறையில் தங்கிவிடாமல், தம் முன்னே நோயுற்று வந்த குழந்தைகள் எழுப்பிய கேள்விகளை நோக்கி அவர் திரும்பினார் என்று சொல்லலாம்.

1944-ஆம் ஆண்டில் அவருடைய இரு முக்கிய ஆய்வுகள் வெளிவந்தன. முதலாவது, சிறுநீரகத் திசுவில் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இருக்கும் இடத்திலேயே வண்ணம் தோன்றுமாறு செய்த சாயமுறை. நொதி செயல்படும்போது வெளியாகும் பொருள், அருகிலுள்ள சாயப்பொருளோடு சேர்ந்து அதே இடத்தில் கரையாத நிறப்பொருளாகப் படிகிறது. டொரோண்டோவில் மெக்கல்லமிடம் கற்ற பாடத்தின் முதிர்ந்த வடிவம் என்று இதைக் கருதலாம். திசு வேதியியல் என்ற துறையின் மைல்கல்லாக இந்த முறை மதிக்கப்படுகிறது. பிற்காலத்தில் சுவாச நொதிகளுக்கும் இதுபோன்ற சாயமுறைகள் உருவாக்கப்பட்டன. மைட்டோகாண்ட்ரியா நோய்கள் இருப்பதாக ஐயுறும்போது, தசைத் துணுக்கை எடுத்துச் சாயமேற்றி அங்குள்ள சுவாச நொதிகள் செயல்படுகின்றனவா என்று மருத்துவர்கள் பார்ப்பது இன்றைய வழக்கம்.

இரண்டாவது ஆய்வு ஹீமோகுளோபின் பற்றியது. வயது வந்தோரின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் கருவிலுள்ள சிசுவின் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதை மென்டனும் இரு சகாக்களும் அளந்து காட்டினர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1949-இல், லைனஸ் பாலிங்கின் குழு இதே வகை மின்பகுப்பு முறையைப் பயன்படுத்தி, அரிவாள் வடிவ இரத்த அணு நோய் ஹீமோகுளோபின் மூலக்கூறின் கோளாறே என்று நிறுவி உலகப் புகழ் பெற்றது. 1952-ஆம் ஆண்டில் நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்நோயின் மரபுக்கூறு இருப்பது கண்டறியப்பட்டது. இன்றும் இந்நோயை உறுதிசெய்யும் சோதனைகளுள் ஹீமோகுளோபினை மின்புலத்தில் பிரித்தறிவதும் ஒன்று.

தாமதமாக வந்த பதவி

இவ்வளவு சாதனைகளுக்குப் பிறகும் மென்டன் முழுப் பேராசிரியராக உயர்த்தப்பட்டது ஓய்வுபெறுவதற்குச் சிறிது காலத்துக்கு முன்னர்தான். அப்போது அவர் ஏறக்குறைய எழுபது வயதை எட்டியிருந்தார். ஆண் சகாக்கள் பலர் நடுத்தர வயதில் அடைந்துவிட்ட நிலையை அவர் வாழ்வின் அந்திமத்தில்தான் அடைந்தார்.

இத்தகைய புறக்கணிப்பு பெண் என்ற காரணத்தால் மட்டும் நேர்வதல்ல என்பதற்கு அவர் காலத்திலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். உடலில் பாஸ்பரஸை அளவிடும் முறையை சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து உருவாக்கினார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று சொல்லத்தக்க ஏடிபி என்னும் மூலக்கூறை 1929-ஆம் ஆண்டில் தசையிலிருந்து பிரித்தறிந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ஆம் ஆண்டில் அவர் மருந்து நிறுவனம் ஒன்றில் பணியேற்றார்.

மைக்கேலிஸின் வாழ்க்கையும் இதே திசையில்தான் சென்றது. 1922-ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு ஜப்பானுக்குச் சென்ற அவர், பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். வேதிவினைகளில் மின்னணுக்கள் இரண்டிரண்டாக அல்லாமல் ஒவ்வொன்றாகவும் இடம்பெயர முடியும் என்பதையும், அதன்போது செமிகுயினோன் என்ற இடைநிலைப் பொருள் தோன்றுவதையும் அங்கு அவர் நிறுவினார். சுவாச நொதிகளின் இயக்கத்தைப் பின்னாளில் விளக்கியபோது இந்தக் கருத்து இன்றியமையாததாயிற்று.

சுவாச நொதிகளை அளக்கும் கோல்

மென்டன் நேரடியாகச் சுவாச நொதித் தொகுதிகளை ஆராயவில்லை. ஆனால் அவற்றைப் பற்றி இன்று அறியப்பட்டிருக்கும் செய்திகளை, அவர் பெயர் தாங்கிய சமன்பாடு இல்லாமல் எடுத்துரைப்பது கடினம்.

மனிதர் உட்கொள்ளும் உணவிலிருந்து வெளிப்படும் மின்னணுக்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்துள்ள நான்கு பெரும் நொதித் தொகுதிகளின் வழியாகக் கைமாறி, இறுதியில் ஆக்ஸிஜனைச் சேர்கின்றன. இந்தப் பயணத்தின்போது ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. அணையில் தேக்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, அந்த அயனிகள் திரும்பிப் பாயும்போது ஏடிபி சின்தேஸ் என்ற ஐந்தாவது தொகுதி சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது. 1961-ஆம் ஆண்டில் பீட்டர் மிட்செல் முன்வைத்த இந்தக் கோட்பாடு அவருக்கு 1978-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இந்தத் தொகுதிகள் உயிரினத்துக்கு உயிரினம் வேறுபடுகின்றன. முதலாவது தொகுதியின் மையப் பகுதி 14 புரதங்களால் ஆனது. பாக்டீரியாக்களிலிருந்து மனிதர் வரை இந்த மையம் பொதுவாகக் காணப்படுகிறது. பாலூட்டிகளில் அதைச் சுற்றி மேலும் பல புரதங்கள் சேர்ந்து மொத்தம் 45 ஆகியுள்ளன. பழைய வீட்டின் நடுக்கூடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தலைமுறைதோறும் சுற்றிலும் அறைகளைக் கட்டிச் சேர்த்ததைப்போன்ற பரிணாமம் இது. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டோ இந்த முதல் தொகுதியையே இழந்துவிட்டு, அதனினும் எளிய வேறொரு நொதியைக் கொண்டு சமாளிக்கிறது.

ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும் கடைசி நொதியில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. காற்றோடு கலந்த நீரில் ஆக்ஸிஜன் சுமார் 250 மைக்ரோமோலார் செறிவில் உள்ளது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் இறுதி நொதிக்கு ஆக்ஸிஜன் தொடர்பான மைக்கேலிஸ் மாறிலி ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைவு. திசுக்களில் ஆக்ஸிஜன் வெகுவாகக் குறைந்தாலும் உயிரணுக்கள் சுவாசிக்க முடிவதற்கு இதுவே காரணம். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாவில் இந்த மாறிலி சுமார் 7 நானோமோலார் மட்டுமே. ஆக்ஸிஜன் மிகுந்தால் நைட்ரஜனை நிலைப்படுத்தும் நொதி அழிந்துவிடும். ஆகவே, ஏறக்குறைய ஆக்ஸிஜனே இல்லாத சூழலில் சுவாசிக்கத்தக்க நொதியை அந்த பாக்டீரியா கொண்டுள்ளது. உளுந்தும் நிலக்கடலையும் விளையும் வயல்களில் மண்ணுக்கடியில் நடப்பது இதுதான். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவோ, ஆக்ஸிஜன் மிகுந்துள்ளபோது ஒரு நொதியையும் குறைந்துள்ளபோது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு நொதியையும் பயன்படுத்துகிறது.

எந்த உயிரினம் எந்தச் சூழலுக்கு ஏற்றவாறு தன் சுவாச நொதிகளை அமைத்துக்கொண்டது என்பதை ஒப்பிட, 1913-ஆம் ஆண்டின் அந்த மாறிலியே அளவுகோலாக இருந்து வருகிறது.

மென்டன் பயின்ற டொரோண்டோ நகரமே இன்று இத்துறையின் முக்கிய மையங்களுள் ஒன்றாக விளங்குவது ஒரு பொருத்தமான நிகழ்வு. சிக் கிட்ஸ் என அழைக்கப்படும் அந்நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வு நிலையத்தில், ஜான் ரூபின்ஸ்டைன் தலைமையிலான குழுவினர் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியைக் கொண்டு பல உயிரினங்களின் சுவாச நொதித் தொகுதிகளைப் படம்பிடித்துள்ளனர். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவின் ஏடிபி சின்தேஸில் பெடாக்விலின் என்ற மருந்து எவ்வாறு ஒட்டிக்கொண்டு அதன் சுழற்சியைத் தடுக்கிறது என்பதை அவர்கள் வெளியிட்டனர். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு எதிராக 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்து, 2016-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் காசநோய் திட்டத்திலும் இடம்பெற்றது. கிருமியின் நொதிக்கும் மனித நொதிக்கும் இடையே பரிணாமம் விட்டுச்சென்ற சிறு வேறுபாடுகளே இத்தகைய மருந்துகள் நோயாளியைக் காத்துக் கிருமியை மட்டும் தாக்க வாய்ப்பளிக்கின்றன.

ஆய்வகத்துக்கு வெளியே

மென்டன் ஆய்வகத்துக்குள் மட்டும் அடைபட்டிருந்தவர் அல்ல. அவர் தேர்ந்த ஓவியர். அவருடைய ஓவியங்கள் பிட்ஸ்பர்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிளாரினெட் இசைத்தார். மலையேறினார். ஆர்க்டிக் பகுதிக்குப் பயணம் மேற்கொண்டார். வானியலிலும் ஆர்வம் கொண்டிருந்தார். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ரஷ்ய மொழிகளோடு அமெரிக்கப் பூர்வகுடிகளின் மொழி ஒன்றையும் அறிந்திருந்தார். மாடல் டி ஃபோர்டு கார் ஒன்றைச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமே ஓட்டி வந்தார் என்பதும் பிட்ஸ்பர்கில் அவரைப் பற்றி நிலைத்துவிட்ட செய்தி. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற பின்னர் அவர் கனடாவுக்குத் திரும்பினார். தாம் வளர்ந்த பிரிட்டிஷ் கொலம்பியாவில் மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்றில் சேர்ந்து புற்றுநோய் ஆய்வைத் தொடர்ந்தார். ஆனால் மூட்டுவாதமும் தளர்ந்த உடல்நிலையும் சில ஆண்டுகளில் அந்தப் பணியையும் நிறுத்தச் செய்தன. 1960-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமது 81-ஆவது வயதில், தாம் பிறந்த ஒண்டாரியோ மாகாணத்தின் லீமிங்டன் நகரில் அவர் காலமானார்.

கனடா அவரை முறையாக நினைவுகூர்ந்தது அவர் மறைந்த பின்னரே. டொரோண்டோ பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டில் கனடாவின் மருத்துவப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவுகளையும் பேராசிரியர் இருக்கை ஒன்றையும் ஏற்படுத்தியது.

இன்று டொரோண்டோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பெருந்தொகையான தமிழர்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளில் பலர், மென்டன் பயின்ற அதே பல்கலைக்கழகத்தில் அறிவியலும் மருத்துவமும் கற்கின்றனர். வேறு நாட்டில் பெற்ற பட்டத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்காமல் வேறு வேலை தேடிக்கொண்ட பெற்றோரின் அனுபவத்தை அறிந்த தலைமுறை அது. தகுதி இருந்தும் இடம் மறுக்கப்பட்ட ஒருவர், கிடைத்த சிறிய இடத்திலிருந்தே துல்லியமான வேலையைச் செய்து முடித்த வரலாறு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அதே வேளையில், அத்தகையோருக்கு உரிய இடத்தை உரிய காலத்தில் அளிக்காத நிறுவனங்கள் எவற்றை இழக்கின்றன என்ற கேள்வியையும் மென்டனின் வாழ்க்கை எழுப்பிச் செல்கிறது.